விடிந்தால் உட்கார்ந்துவிடும் கார்

“ராத்திரி நிக்கவெச்ச காரு, விடிஞ்சா தரையில உக்காந்துக்கினு இருக்குது.”

பொன்னேரி பஸ்ஸில் முன்சீட்டுக்காரர் மனைவியிடம் சொன்னது இது. லைட்ஹவுஸ் குப்பத்தில் ஏறியவர்கள். இருவருக்கும் ஐம்பதைத் தாண்டியிருக்கும். அந்த அம்மா முழங்காலில் பெல்ட் கட்டியிருந்தார்.

“மெக்கானிக்கு இன்னா சொல்றான்?”

“ஸ்பிரிங்குக்கு பதிலா காத்துப் பைதான் வண்டியத் தாங்குதாம். நாலும் கசியுது. மாத்த ரெண்டு லட்சமாம்.”

“ஃபைபர் படகு விலைக்கு ஜீப்பாட்டம் ஒசரமா ஃபாரின் காரு வருதுன்னு வாங்கின. வாங்கி, அதுல கயிறு கட்டி படகை கரைக்கு இழுத்தியே!”

“பழசுன்னாலும் இன்னா இழுவை தெரியுமா!”

“சக்கரம் அலையில முங்க முங்க இழுத்தா உப்பு சும்மா விடுமா?”

பஸ் திருப்பாலைவனம் தாண்டியதும் அவர் சொன்னார்.

“வித்துடலாம்.”

“விக்காத. அந்தப் பையையும் மாத்தாத.”

“உக்காந்த வண்டிய வெச்சிக்கினு இன்னா பண்றது?”

“எஞ்சின் போட்டா எழுந்துக்குதுல்ல?”

“காத்து ஏற ஏற எழுந்துக்கும்.”

“அது நிமிந்து நிக்கும்போது இந்தக் காலோட நான் ஏற முடிஞ்சுதா? குப்பமே பாக்க நீதான தூக்கி உக்கார வெச்ச? நேத்து காலையில நானே ஏறிக்கினேன்யா.”

அவர் மனைவியின் முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அப்போ மெக்கானிக்காண்ட இன்னா சொல்ல?”

“எனக்காவ உக்காருதுன்னு சொல்லு.”