மடியில் இரண்டு முடிச்சு

“ஏர்கோனை அந்தப் பக்கம் திருப்புங்கக்கா, இதுங்களுக்குக் குளிரும்.”

குளுவாங்கிலிருந்து ரெங்கம் போகும் பஸ்ஸில், என் முன் இருக்கையில் இருந்த இரண்டு பெண்களில் இளையவள்தான் சொன்னாள். அவள் மடியில் குழந்தை இல்லை. ஈரத்துணி முடிச்சுகள் இரண்டு இருந்தன. நாலு நாளைக்கு முன் இரண்டு கடைகளில் பிடிப்பிடியாகச் சோள விதை கேட்டு வாங்கி, முளைக்கிறதா என்று கட்டிவைத்திருக்கிறார்களாம்.

“போன தடவ பாதி நெலம் மொட்டையாப் போச்சு,” என்றாள் பெரியவள். “இந்தத் தடவ நம்ம கம்பத்துல ஊர்க்காரங்க எல்லாருமே நாம சொல்ற கடையிலதான் வாங்கப் போறாங்க.”

“இப்பவே பிரிச்சுப் பாத்துருவமா?”

“வீட்டுக்குப் போயி பிரிக்கலாம்லா!”

சொல்லிக்கொண்டே பெரியவள்தான் பிரித்தாள்.

“அலமாக்! அக்கா, எல்லாமே முளைச்சிருக்கு! வாலைப் பாருங்க வாலை!”

ஓட்டுநர் கண்ணாடியில் எட்டிப் பார்த்தார். அதற்குள் இரண்டாவது முடிச்சும் அவிழ்ந்துவிட்டது.

“இதுல ஒண்ணுகூட முளைக்கல. கல்லாட்டம் கெடக்கு. நல்லது, எந்தக் கடைன்னு தெரிஞ்சுபோச்சு!”

“எந்தக் கடைக்கா?”

இருவரும் துணிகளைப் பார்த்தார்கள். இரண்டும் ஒரே பழைய கைலியில் கிழித்தவை.

“நீதானேடி கட்டுன?”

“நீங்கதானேக்கா பிரிச்சீங்க?”

சிரித்த சிரிப்பில் என் இருக்கையும் சேர்ந்து குலுங்கியது.

“கடையிலயே காட்டிக் கேட்டுருவமா?”

“கேட்டா? ரெண்டு கடைக்காரனும் முளைச்சதுதான் என்னுதும்பான்லா!”