அரண்மனை இல்லாத ஊர்

மொன்றியலில் இருந்து லொங்குய் போகும் மெத்ரோ ரயிலில், என் பக்கத்தில் நின்ற இரண்டு யாழ்ப்பாணத்தவர்களில் இளையவர், சிந்துவெளி நாகரிகம் தமிழருடையதுதான் என்று அடித்துச் சொன்னார். மூத்தவர் ஒத்துக்கொள்ளவில்லை.

"அங்க அரண்மனை ஒண்டும் கிண்டி எடுக்கேல்லையாம். ராசா இருந்ததுக்கும் அடையாளம் இல்லையாம். தலைவர் இல்லாமல் எங்கட ஆக்கள் ஊர் நடத்துவினமோ?"

"பெரிய நகரங்கள் அண்ணை. கனகாலம் ஒழுங்கா நடந்திருக்கு."

"அதுதான் சொல்லுறன், எங்கட ஆக்கள் இல்லை."

"அப்ப ஏன் அழிஞ்சது?"

"கடைசியில ஒரு தலைவரைத் தெரிவு செய்திருப்பினம்."

இளையவர் சிரிக்கவில்லை. வண்டி ஆற்றுக்கு அடியில் போய்க்கொண்டிருந்தது.

"அது கிடக்கட்டும் அண்ணை. ஞாயிற்றுக்கிழமை எங்கட சங்கத் தேர்தல். தலைவர் பதவிக்கு நான் நிக்கிறன். உங்கட வோட்டு எனக்குத்தானே?"

"நானும் அதுக்குத்தான் நிக்கிறன், தம்பி."