அம்சவல்லியின் பால்குடம்

பாஞ்சாலை: அசையாம உக்காருங்க. மஞ்சப்பத்து கண்ணுக்குள்ள போயிரும்.

அமிர்தலிங்கம்: மெதுவா புள்ள... ஆ! நேத்து தேங்கா மூடி பட்டப்பகூட இவ்வளவு வலிக்கல.

பாஞ்சாலை: வலிக்க எங்க நேரம்? ஓடுறதுலயே குறியா இருந்தீங்க. தானா ராத்தா ஆஸ்பத்திரிக்குப் போயி ஒரு தையல் போட்டிருக்கலாம்.

அமிர்தலிங்கம்: எதால அடிபட்டுச்சுன்னு கேப்பான். மாரியம்மன் கோயில் பூசாரிய தேங்காயால அடிச்சாங்கன்னு சொன்னா, தையல் போடுறவன் கை சிரிப்புல ஆடும் லா. அப்புறம் நான் ஒண்ணும் ஓடல. ஆத்தாளச் சுத்தி வந்தேன். பிரதட்சணம்.

பாஞ்சாலை: பின்னாலயே காளிமுத்து கங்காணியும் பிரதட்சணம்.

அமிர்தலிங்கம்: வேட்டி மட்டும் நழுவாம இருந்தா தப்பிச்சிருப்பேன்.

பாஞ்சாலை: எப்பவும் கீழ் லயத்துக் குடத்த வாசக் கல்லுலதானே ஊத்தச் சொல்லுவீங்க? நேத்து என்ன வந்துச்சு? அம்சவல்லி பால்குடத்த வாங்கி நேரா ஆத்தா தலையில...

அமிர்தலிங்கம்: குடம் முன்னால வந்து நின்னுச்சு. அம்சவல்லி கண்ணுல தண்ணி. குடத்துல பாலு. இத எந்த வாயால வாசல்ல கொண்டு போய் ஊத்துன்னு சொல்றது? ஊத்திட்டேன்.

பாஞ்சாலை: ஊத்துனது பத்தாதுன்னு பேச்சு வேற.

அமிர்தலிங்கம்: எங்க பேசுனேன்? காளிமுத்து கையப் புடிச்சான். அவன் காதுக்குள்ளதான் சொன்னேன்... “ஆத்தாளுக்கு மேல் லயம் கீழ் லயம் கிடையாதுப்பா, எல்லாம் அவ பெத்ததுதான்”னு. எழுவத்தாறாம் வருசத் திருவிழாவ ஜோரா செய்யணும்னு கமிட்டிக்காரனுங்க ரிங்லெட் டவுன்லேருந்து மைக் செட்டு எடுத்தானுங்க. மைக்க அமத்தாம வச்சிருப்பான்னு எனக்கென்ன தெரியும்?

பாஞ்சாலை: டீ பேக்டரி வரைக்கும் கேட்டுச்சாம்.

அமிர்தலிங்கம்: கீழ் லயத்துல என்னைய வீரன்ங்கிறானுங்க. வீரன் நான் இல்ல புள்ள... மைக்கு.

பாஞ்சாலை: சரி... காலையில கமிட்டிக் கூட்டத்துல மைக் இல்லையே. அங்க என்ன சொன்னீங்க?

அமிர்தலிங்கம்: ...டீ இருக்கா?

பாஞ்சாலை: இருக்கு. மொதல்ல சொல்லுங்க.

அமிர்தலிங்கம்: அங்க ஒரே குளிரு. பல்லு தந்தியடிச்சுச்சு. பயந்துட்டான்னு நெனச்சுட்டானுங்க.

பாஞ்சாலை: பயம் இல்லையாக்கும்?

அமிர்தலிங்கம்: இருந்துச்சு. பல்லு குளிருக்கு, காலு பயத்துக்கு. பிரிச்சு வச்சுக்கிட்டேன்.

பாஞ்சாலை: காளிமுத்து என்ன கேட்டாரு?

அமிர்தலிங்கம்: அடிச்சவன் மாதிரியே பேசல. “பனிமூட்டத்துல ஆள் தெரியல, மேல் லயத்துக் குடம்னு நெனச்சு வாங்கிட்டேன்னு ஆத்தா முன்னால சூடத்த அணைச்சுச் சொல்லிரு சாமி. தீட்டுக் கழிச்சிரலாம். சாவியும் ஒன்கிட்டயே இருக்கட்டும், கோயில் வீடும் ஒனக்கே”ன்னான்.

பாஞ்சாலை: சுளுவான வார்த்தைதான்.

அமிர்தலிங்கம்: சுளுவுதான். தொண்டை வரைக்கும் வந்துருச்சு.

பாஞ்சாலை: அப்புறம்?

அமிர்தலிங்கம்: அப்புறம் என்ன... இந்த வீட்ட விட்டா நமக்குப் போக்கிடம் இல்ல. ஒனக்கு வேற மூட்டு வலி...

பாஞ்சாலை: என் மூட்ட ஏன் இழுக்குறீங்க? சொன்னீங்களா இல்லையா?

அமிர்தலிங்கம்: நீ கோவிச்சுக்கக் கூடாது.

பாஞ்சாலை: கோவிக்கிற மாதிரி என்ன செஞ்சீங்க?

அமிர்தலிங்கம்: ஒன்னைய... அத்தன பேரு முன்னால பொய்க்காரி ஆக்கிட்டேன்.

பாஞ்சாலை: என்னையவா?

அமிர்தலிங்கம்: காளிமுத்து சொன்னான்... “ஒன் சம்சாரமே என் வீட்டுக்காரிகிட்ட சொல்லிருச்சு, ஒனக்குக் கண்ணு மங்கலு, ஆள் மாறிப்போச்சுன்னு. அப்புறம் நீ என்ன யோசிக்கிற?”ன்னான். கீழ் லயத்து சனம் வாசல்ல நிக்கிது. அம்சவல்லி கைப்புள்ளையோட நின்னு எம் மொகத்தையே பாக்குது...

பாஞ்சாலை: ம்.

அமிர்தலிங்கம்: நீ என் நல்லதுக்குத்தான் சொல்லிருப்ப. எனக்குத் தெரியாதா? ஆனா சூடத்து மேல கையக் கொண்டு போனேன் பாரு... முடியல. “எங் கண்ணு நல்லாத்தான் தெரியுது. அம்சவல்லின்னு தெரிஞ்சேதான் வாங்குனேன். அடுத்த வருசம் குடுத்தாலும் வாங்குவேன். எம் பொண்டாட்டி சொன்னது பொய்”னுட்டேன்.

பாஞ்சாலை: அடுத்த வருசமா?

அமிர்தலிங்கம்: அடுத்த வருசமாம்! அடுத்த வருசமும் நான்தான் பூசாரி பாரு! மடியிலேருந்து சாவியப் புடுங்குறப்பதான் ஒறச்சுது.

பாஞ்சாலை: வீடு?

அமிர்தலிங்கம்: நாளைக்குக் காலி பண்ணணும். திரிங்காப்ல கோசுத் தோட்டத்துக்கு ஆள் கேக்குறாங்களாம். கோசுக்கு மந்திரம் வேணாம். சும்மா வெட்டுனா போதுமாம்... ஏதாச்சும் பேசு புள்ள. திட்டவாவது செய்யி.

பாஞ்சாலை: காளிமுத்து சம்சாரம் வந்துச்சு. அது நெசந்தான். கண்ணு மங்கலுன்னு சொல்லச் சொல்லுச்சு. அதுவும் நெசம்.

அமிர்தலிங்கம்: விடு புள்ள... பயத்துல யாரும் சொல்றதுதான்.

பாஞ்சாலை: நான் சொல்லல. “அவருக்குக் கண்ணு நல்லாத் தெரியும்”னு சொல்லி அனுப்பிட்டேன். ஒங்ககிட்டதான் ஒண்ண மறச்சுட்டேன்... அந்த ரத்தத்தப் பாத்ததும் சொல்ல வாய் வரல. நேத்து கடைசில ஒதுங்கி நின்ன அம்சவல்லியக் கையப் புடிச்சு இழுத்தாந்து, ஒங்க முன்னால நிறுத்துனதே நான்தாங்க.