பாறையடி நிழல்

பாறையை வரைகிறவர்களில் பாதிப் பேர் நிழலில்தான் கோட்டை விடுவார்கள். நானும் அந்தக் கூட்டம்தான். என் அண்ணன் அப்படியில்லை. அவர் கை பட்டால் படத்திலிருக்கும் கல்லுக்கு எடை வந்துவிடும். அதை நான் ஒருநாளும் மறுத்ததில்லை, இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அவர் பள்ளியில் ஓவிய ஆசிரியர். நான் கண்ணாடிக் கடையில் கண் சோதிப்பவன். ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஓவியக் குழு பாறைகளை வரையப் போனது. மற்றவர்கள் அண்ணியோடு கீழே மர நிழலில் உட்கார்ந்துவிட்டார்கள். நாங்கள் இருவர் மட்டும் மேலே ஏறினோம். கழுவி அடுக்கிய பாத்திரங்கள்போல அங்கே பாறைகள் ஒன்றின்மேல் ஒன்றாக நிற்கும். நடுவில் ஒரு சமதளம். அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்ததும் அண்ணன்தான். நான் திட்டம் போட்டேன் என்று யாராவது சொன்னால் அது அபாண்டம்.

எங்களுக்குள் ஒரு பழக்கம் உண்டு. வரைகிறவர் அவ்வப்போது பின்னால் நகர்ந்து, கண்ணைச் சுருக்கி, படத்தைத் தள்ளி நின்று பார்க்க வேண்டும். அந்த நேரத்தில் திரும்பினால் பார்வை கலைந்துவிடும் என்பார் அண்ணன். அதனால் திரும்பாமலே, "பின்னாடி எடம் இருக்காடா?" என்று கேட்பார். நான் பார்த்துச் சொல்வேன். சின்ன வயதில் மொட்டைமாடியில் வரைந்தபோதே அப்படித்தான். நான் ஒருமுறைகூடத் தவறாகச் சொன்னதில்லை.

அன்று என் படம் நன்றாக வந்துகொண்டிருந்தது. அப்படி வந்தது அதுதான் முதல் தடவை. சந்தோஷமாக இருந்தேன். அண்ணன் தன் படத்தை விட்டுவிட்டு என் பக்கம் வந்தார்.

"பரவாயில்லையேடா, நல்லா வந்திருக்கு. இது மட்டும் கொஞ்சம்..." என்று தன் தூரிகையால் பாறையடியில் ஒரு நிழலை இழுத்தார். ஒரே இழுப்பு. தட்டையாகக் கிடந்த பாறை எழுந்து நின்றது.

அதுதான் எனக்கு வலித்தது. கெடுத்திருந்தால் நாலு வார்த்தை திட்டியிருப்பேன், அத்தோடு போயிருக்கும். என் படங்களைப் பாராட்டுகிறவர்கள் எல்லோரும் எப்போதும் அவர் கை வைத்த இடத்தைத்தான் தொட்டுக் காட்டுவார்கள். அவருக்கு அது தெரியாது. நானும் சிரித்துக்கொண்டே நிற்பேன்.

"இப்பப் பாரு" என்றபடி, என் படத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல் பின்னால் நகர்ந்தார். "எடம் இருக்காடா?"

அவர் குதிகாலுக்குப் பின்னால் பாறை முடிந்துவிட்டிருந்தது. நான் நன்றாகப் பார்த்துவிட்டுத்தான் சொன்னேன்.

"இருக்குண்ணா. இன்னும் கொஞ்சம் போங்க."

போனார்.

ஏன் உடனே கீழே இறங்கவில்லை என்று கேட்டீர்கள். வெளிச்சம் இன்னும் இருந்தது. அந்த நிழலைக் கத்தியால் வழித்துவிட்டு நானே போட்டுப் பார்த்தேன். சரியாக வரவில்லை. மறுபடி வழித்தேன். அண்ணி மூச்சிரைக்க மேலே ஏறி வந்தபோதும் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். "தம்பி, அவரு விழுந்துட்டாரு, வாங்க" என்று என் கையைப் பிடித்து இழுத்தாள். எனக்கே தெரியாது என்று நினைத்துவிட்டாள், பாவம்.

அவரைக் கொன்றது நான்தான். அதில் மாற்றமில்லை, எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். அந்தப் படத்தை மட்டும் ஒருமுறை கொடுங்கள். பக்கத்தில் யாரும் இல்லாமல் இருந்தால் அந்த நிழலை என்னாலும் போட முடியும்.