பூனை மாதிரி வர்ற பஸ்

— நகரு முதல்ல! நடுரோட்டுல பஸ்ஸுக்கு முன்னால நின்னுக்கிட்டு இது என்ன விளையாட்டு? உள்ள இத்தனை ஜனம் உக்காந்திருக்கு.

— முடியாது, டிரைவர் சார்.

— டிரைவர் சாரா? கட்டின புருஷனைப் பார்த்து...

— பார்க்கத்தான் எனக்குக் கண்ணில்லையே. நேத்து இதே ஸ்டாப்ல என்னை விட்டுட்டுப் போனது உங்க வண்டிதானாம். பக்கத்துல நின்ன பொண்ணு சொல்லிச்சு.

— நீ கை காட்டல. கை காட்டினாத்தான் நிறுத்தணும்னு புது ரூல். நான் என்ன பண்ணட்டும்?

— வர்றது தெரிஞ்சாத்தானே கை காட்ட! பழைய டீசல் வண்டி தெருமுனை திரும்பறப்பவே உறுமும். கண்டக்டர் படியில தொங்கிக்கிட்டு ஸ்டாப் பேரெல்லாம் கத்துவார். இந்தக் கரண்ட் வண்டி பூனை மாதிரி வருது, பூனை மாதிரி போகுது. புகை இல்ல, ரொம்ப சந்தோஷம். என் இருமல்கூட நின்னுடுச்சு. ஆனா நானும்ல ஸ்டாப்லயே நின்னுட்டேன்!

— சரி, இன்னைக்கு மட்டும் நான் வர்றது எப்படித் தெரிஞ்சுது?

— தெரியல. குச்சியை நீட்டிக்கிட்டு ரோட்டுல இறங்கிட்டேன். எவன் வந்தாலும் நிறுத்தித்தானே ஆகணும்?

— கடவுளே! மேல ஏத்தியிருந்தா?

— அப்பவாவது பஸ் வந்தது தெரிஞ்சிருக்கும்.

— வாயைக் கழுவு! நாளையிலிருந்து நானே உன்னை பைக்ல கொண்டுபோய் விடறேன். போதுமா?

— வேணாம். உங்க தயவுல இல்ல, டிக்கெட் எடுத்துப் போகணும் நான். எங்க போற பஸ்னு வெளியில சொல்ற ஸ்பீக்கர் வண்டியில இருக்குல்ல? அதைப் போடுங்க, நகர்றேன்.

— "அமைதியான பயணம்"னு ஊரெல்லாம் விளம்பரம் பண்ணிட்டு, சுவிட்சு மேல டேப் ஒட்டிட்டாங்க. கை வச்சா என் வேலை போயிடும்மா.

— என் வேலை போனா பரவாயில்லையா? இன்னைக்கும் லேட்டா வந்தா, ஆஸ்பத்திரி டெலிபோனுக்கு வேற ஆளைப் போட்டுடுவேன்னுட்டாங்க!

— இரு, வயர்லெஸ் கத்துது. ஹலோ, சொல்லுங்க சார்.

— கன்ட்ரோல் ரூம். யோவ், வண்டி ஏன்யா நிக்குது?

— ஒரு லேடி முன்னால நிக்கிறாங்க சார். ஸ்பீக்கர் போட்டாத்தான் நகருவாங்களாம். அவங்களுக்குக் கண்ணு தெரியாது சார்.

— கண்ணு தெரியாத ஒருத்திக்காக ஊரையே கத்த வைக்கணுமா? கையைப் பிடிச்சு ஓரமா இழுத்து விட்டுட்டுக் கிளப்பு. புரியுதா?

— இழுக்கறதா?

— கேட்டுச்சு டிரைவர் சார். காது எனக்கு நல்லாவே கேக்கும். வாங்க, வந்து இழுங்க!

— சும்மா இரும்மா நீ.

— யோவ், அங்க என்னய்யா பர்ருனு சத்தம்?

— டேப்பைக் கிழிக்கிறேன் சார்.

— வேலை போயிடும்யா!

— போனா போகட்டும் சார். போட்டுட்டேன்.

— வணக்கம். இந்தப் பேருந்து பெரிய மருத்துவமனை வழியாக ரயில் நிலையம் செல்லும்.

— ஐயோ, பேசுதுங்க! உங்க பஸ் பேசுது!

— ஏறு, ஏறு. லேட்டாகுது உனக்கு.

— டிரைவர் தம்பி, கொஞ்சம் இருப்பா! பெரியாஸ்பத்திரி போற பஸ்ஸா இது? நானும் ஏறணும். தெரியாம ரெண்டு பஸ்ஸை விட்டுட்டேன்.

— வாங்கய்யா, என் குச்சியைப் பிடிச்சுக்கோங்க. உங்களுக்கும் கண்ணு தெரியாதா?

— கண்ணெல்லாம் நல்லாத் தெரியுதும்மா. எழுத்துதான் தெரியாது.