மிச்சம் வெச்ச பாயிண்ட்

— ஏய், பந்தை ஏன் பொறுக்கற?

— முடிஞ்சுதே அக்கா. அஞ்சு-மூணு, நாற்பது-முப்பது. இன்னும் ஒரு பாயிண்ட் எடுத்தா செட் உனக்கு. அதாவது, இங்க நிறுத்தணும்.

— இன்னைக்கு நிறுத்தலை. அந்தப் பாயிண்ட்டையும் ஆடறோம்.

— மாஸ்டர்?

— பந்து வாங்கப் போயிருக்காரு. வர நேரமாகும்.

— தெரிஞ்சா தோலை உரிச்சிடுவாரு. "கடைசி பாயிண்ட்டைப் பிராக்டிஸ்ல செலவு பண்ணாதீங்க. போட்டிக்கு மிச்சம் வைங்க." கேட்டுக் கேட்டு எனக்குக் கனவுல கூட அதே குரல்தான்.

— மிச்சம் வெச்சு என்ன கிழிச்சோம்? போன போட்டியில ஜெயிக்க ஒரு பாயிண்ட் பாக்கி. தோத்தேன். அதுக்கு முந்தின போட்டி?

— ஒரு பாயிண்ட் பாக்கி.

— அதுக்கும் முந்தினது?

— சரி சரி. நான்தானே வெளிய உக்காந்து பாத்துக்கிட்டிருந்தேன்.

— அந்த இடம் வந்ததும் உடம்பு நின்னுடுதுடி. கை காலெல்லாம் வேற யாருதோ மாதிரி ஆயிடுது. யோசிச்சுப் பாத்தேன். வருஷக்கணக்கா நாம என்ன பண்றோம்? அந்தப் பாயிண்ட் வந்ததும் ராக்கெட்டைக் கீழ வெச்சுட்டுத் தண்ணி குடிக்கறோம். உடம்பு வேற எதைக் கத்துக்கும்? அந்த இடம் வந்தா தண்ணி குடிக்கணும்னுதான் கத்துக்கிட்டிருக்கு.

— ஐயையோ. இதை மாஸ்டர்கிட்ட சொன்னியா?

— சொன்னேன். "உனக்கு மனசுல பலம் பத்தலை"ன்னாரு. கண்ணை மூடி மூச்சை எண்ணச் சொன்னாரு. காலைல எழுந்ததும் எண்ணறேன்.

— அந்தப் புஸ்ஸு புஸ்ஸு சத்தம் அதுதானா? சைக்கிள் டியூப்ல ஓட்டைன்னுல்ல நெனச்சேன்.

— நக்கலா? நாளைக்கு முதல் ஆட்டத்துலயே தோத்தா காலை நேரக் கோர்ட்டை வேற பொண்ணுக்குக் கொடுத்துடறதா சொல்லிட்டாரு. கோர்ட் போச்சுன்னா என் ஆட்டமும் போச்சு.

— உன்கிட்டயா சொன்னாரு?

— அம்மாகிட்ட. அம்மா துணி மடிச்சுக்கிட்டே என்கிட்ட சொன்னாங்க, பால் பாக்கெட் வரலைங்கற மாதிரி.

— அம்மா அப்படித்தான்.

— சரி விடு. அந்தப் பக்கம் போய் நில்லு. ஒண்ணு சொல்லிடறேன். இன்னைக்கு நான் கேக்கற இடத்துல பந்தைப் போடாத. விட்டுக் கொடுக்காத.

— நெஜமாவா?

— நாளைக்கு எதிர்ல நிக்கறவ என்னைக் கேட்டுக்கிட்டா பந்து போடுவா?

— அது சரி. ஆனா அப்புறம் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கக் கூடாது, சத்தியமா சொல்லிட்டேன்.

— போடி பேசாம.

— போடு... நெட்.

— பாத்தேன்.

— இன்னொரு சர்வீஸ் இருக்கு, அவசரப்படாத. தோளை இறக்கு.

— நீ என்ன மாஸ்டரா?

— எதிர்ல நிக்கறேன், தெரியுது. தோள் காது வரைக்கும் ஏறி நிக்குது.

— ம்.

— இதுவும் நெட்டுதான். பாயிண்ட் எனக்கு. நாற்பது-நாற்பது, டியூஸ்.

— எனக்கும் கணக்கு வரும்.

— பந்தைத் தூக்கிப் போடறப்ப என்ன நெனச்ச?

— அம்மா துணி மடிக்கறதை.

— அந்தத் துணியை ஓரமா வெச்சுட்டு வா அக்கா. போடு.

— வெளிய போகும்னு நெனச்சேன்!

— உள்ள விழுந்துச்சு. ரெண்டு எட்டு வெச்சிருந்தா எடுத்திருப்ப. நின்னுட்ட. காலைல கயிறு தாண்டினது எதுக்கு? மணல்ல ஓடினது எதுக்கு?

— கெண்டைக்கால் கல்லா இருக்குடி.

— எனக்கும்தான். கூடவே நானும்தானே ஓடினேன்.

— ...ஆமா. நீயும்தான் ஓடின.

— அடுத்த பாயிண்ட்டும் போச்சு, இந்த கேம் எனக்கு. அஞ்சு-நாலு. இப்ப என் சர்வீஸ். தயாரா?

— ம்... ஏய், இது எங்கேருந்து வந்துச்சு? இப்படி ஒரு சர்வீஸை நீ என்கிட்ட போட்டதே இல்லையே.

— நீ கேட்டதே இல்லையே. "இடது பக்கம், மெதுவா"ம்ப. மெதுவா போடுவேன். வீட்டுல ஒருத்தி ஆட, ஒருத்தி பந்து போட. அதானே ஏற்பாடு?

— இன்னொண்ணு போடு, பாக்கறேன்.

— எந்தப் பக்கம்னு சொல்ல மாட்டேன்.

— கேட்டேனா?

— அஞ்சு-அஞ்சு. கோபமா அக்கா?

— இல்ல. மூச்சு வாங்குது. எண்ணறதுக்குக் கூட நேரம் கொடுக்க மாட்டேங்கற.

— கொஞ்சம் உக்காரலாமா?

— வேண்டாம். உக்காந்தா எழுந்திருக்க மாட்டேன். பந்தைக் கொடு.

— குறுக்கால அடிச்ச அந்த கிராஸ் நல்லா இருந்துச்சு. எடுக்கவே முடியலை.

— பாராட்டை அப்புறம் வெச்சுக்கோ. ஆடு.

— ...ஆறு-அஞ்சு. எனக்கு.

— தெரியும். சர்வீஸ் போடு.

— நாற்பது-முப்பது. சரி, நான் பந்தைப் பொறுக்கறேன்.

— எதுக்கு?

— இன்னும் ஒரு பாயிண்ட்தான் அக்கா. இந்தத் தடவை எனக்கு.

— அதனால?

— நாளைக்கு உனக்கு மேட்ச். போய்ப் படு. காலைத் தூக்கித் தலகாணி மேல வை. நான் ஐஸ் கொண்டாரேன்.

— என் மேல பாவப்படறியா?

— இல்ல.

— அப்ப பயமா? உனக்கும் உடம்பு நின்னுடுச்சா?

— தெரியலை. நான் இந்த இடத்துக்கு வந்ததே இல்லையே.

— எப்படி இருக்கு?

— எல்லாம் பளிச்சுனு தெரியுது. உன் கால் எந்தப் பக்கம் சாயுதுன்னு தெரியுது. பந்து மேல இருக்கற முடி கூட.

— எனக்கு அந்த இடத்துல கண்ணு இருட்டிக்கிட்டு வரும்.

— அக்கா...

— போடு.

— வேண்டாம்க்கா.

— போடுங்கறேன்ல!

— ...கோட்டுல பட்டுச்சா?

— பட்டுச்சு.

— இங்கேருந்து சரியா தெரியலை. வெளியன்னு சொன்னாலும் நான் ஒத்துக்குவேன்.

— என் பக்கம் விழுந்த பந்து, நான்தான் சொல்லணும். உள்ளதான். செட் உனக்கு.

— மூஞ்சியைக் காட்டு.

— அழறேனான்னு பாக்கவா? அழலை. தோத்தாச்சு, கூரை தலை மேல விழலை. எதிர்ப் பக்கம் நின்னு பாத்தா அதுவும் ஒரு பந்துதான். நாளைக்கு அந்த இடம் வந்துச்சுன்னா அடிச்சுப் பாக்கறேன்.

— அடிப்ப நீ.

— பாப்போம். சரி விடு. குளிச்சுட்டுக் கிளம்பணும். ஆபீஸ் மூடறதுக்குள்ள நாளைக்கு நடக்கற தகுதிச் சுத்துக்குக் கையெழுத்துப் போட்டாகணும்.

— அங்க யாரு வேணாலும் போடலாமா?

— போடலாம். ரேங்க் இருக்கறவங்களுக்கு முதல்ல இடம். மிச்சம் இருந்தா நின்னுக்கிட்டிருக்கறவங்களைக் கூப்பிடுவாங்க. போன தடவை கூப்பிட ஆளில்லாம இடம் காலியாவே போச்சு.

— ஓ.

— என்ன ஓ? என் பையைத் தூக்கிக்கிட்டு வா, கால் போயிடுச்சு எனக்கு.

— அக்கா.

— என்னடி?

— உன் பையை நீயே தூக்கிக்கோ. நானும் கையெழுத்துப் போடப் போறேன்.