கண் மட்டும் பாக்கி

“அவரு உன்னை மறந்து மூணு மாசம் ஆச்சு. நீ இன்னும் வாசலையே பாத்துக்கிட்டு இரு.”

“வாயை மூடுடி. லெட்டர் போடாம இருக்க மாட்டாரு.”

“ஆமா, எழுதி எழுதிக் கை வீங்கிப் போச்சாம்.”

மாடி வீட்டுத் தையற்காரியும் அவள் தங்கையும் போட்ட சண்டை இது. நான் ஒட்டுக்கேட்கிற ரகம் இல்லை ஐயா. தையல் மெஷின் நின்றால் மேலே பேசுவதெல்லாம் கீழே தானாக இறங்கிவரும். தங்கைக்குத் தெருவில் ஊசி என்று பெயர். அவள் வாயைச் சொல்கிறேன்.

நீங்கள் கேட்டதால் என் தொழிலிலிருந்தே ஆரம்பிக்கிறேன். நான் முகம் வரைகிறவள். மூக்கும் முழியும் அச்சாக வேண்டுமென்றால் போட்டோக்காரரிடம் போகலாம். என்னிடம் வந்து உட்கார்ந்தால் முதலில் என் வாயைத் திறப்பேன், பிறகுதான் வண்ண டப்பாவை. கறிக்கடைக்காரரிடம் அவர் தம்பி பிரித்துக்கொண்டு போன பாதி வீட்டைப் பற்றிப் பேசினேன். பத்தே நிமிடத்தில் அந்தத் தாடை இறுகியது. டீச்சரம்மாவிடம் நின்றுபோன கல்யாணத்தை விசாரித்தேன். பாவம், அழுதார். படம் அருமையாக வந்தது. தெருவில் இதை வம்பு என்கிறார்கள்.

தையற்காரியிடம் அந்தச் சிரமமே இல்லை. அவள் கணவன் தூரத்தில் கட்டட வேலைக்குப் போனவன், போய்ச் சேர்ந்ததும் விலாசம் எழுதுகிறேன் என்று சொல்லியிருந்தான். தபால்காரருக்கு முழங்கால் வலி; படியேறாமல் இரண்டு வீட்டுத் தபாலையும் காலையில் என்னிடமே கொடுத்துவிடுவார். மதியம் படத்துக்கு உட்கார வரும்போது அவள் வாசலிலேயே கேட்பாள்:

“எனக்கு ஏதாச்சும் வந்துச்சாக்கா?”

“இல்லம்மா.”

கண் ஒரு நொடி விரிந்து, பிறகு மெதுவாக அடங்கும். அந்த அடங்குதலைத்தான் முப்பது வருடமாக நான் தேடிக்கொண்டிருந்தேன்.

முதல் கடிதம் வந்த அன்று படத்தில் கண் மட்டும் பாக்கி. ஒரு நாள் கழித்துக் கொடுத்தால் என்ன குறைந்துவிடும் என்று அலமாரியில் வைத்தேன். எண்ணெய் வண்ணம், காயவே வாரமாகும். அதன்மேல் மறுபூச்சு வேறு. இரண்டாவதில், ஏன் பதில் இல்லை, கோபமா என்று கேட்டிருந்தான். நான் சொன்ன சண்டை அந்த வாரம்தான் நடந்தது. மூன்றாவதில், சாரத்திலிருந்து விழுந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறேன், ஒரு தடவை வந்து முகத்தைக் காட்டிவிட்டுப் போ என்று இருந்தது. அன்று மதியமும் அவள் கேட்டாள். இல்லம்மா என்றேன். அந்தக் கண் அவ்வளவு அழகாக அதற்குமுன் அடங்கியதே இல்லை.

நான்காவது உறையின்மேல் வேறு யாருடைய கையெழுத்தோ இருந்தது. அதை நான் பிரிக்கவில்லை. அடுத்தவர் கடிதத்தைப் படிப்பதற்கும் ஓர் எல்லை உண்டு.

அவனோடு வேலை பார்த்த கொத்தனார் அவன் பெட்டியைக் கொண்டுவந்தபோதுதான் மேலே விஷயம் தெரிந்தது. இறந்து பதினெட்டு நாளாம். “நாலு லெட்டர் போட்டோமேம்மா. கடைசிவரைக்கும் கதவையே பாத்துக்கிட்டு கெடந்தாரு” என்று அவர் சொன்னதும் எனக்குக் கேட்டது. ஊசி நேரே இறங்கி வந்தாள். என் அசட்டுத்தனம், மூன்றாவது உறையின் ஓரத்தில் கண்ணுக்கான பழுப்பைத் தடவிப் பார்த்துவிட்டு, படத்தின் சட்டத்திலேயே குத்தி வைத்திருந்தேன்.

“இது எங்க மாமா கையெழுத்துதானே?”

ஆமாம்மா என்றேன். பொய் சொல்லி எனக்குப் பழக்கமில்லை.

ஊசி அந்தக் கொத்தனாரையே கட்டிக்கொண்டாள். நாலு மாதம்கூட ஆகவில்லை. நான் ஒன்றும் சொல்லவில்லை. ஸ்டேஷனில் உங்களிடம் என்மேல் புகாரைக் கொடுத்துவிட்டு, அக்காவையும் கூட்டிக்கொண்டு வேறு ஊருக்குப் போய்விட்டார்கள். மாடி காலி. ஆனாலும் மதியமானால் படியில் கால் சத்தம் இறங்கி வருகிறது. என் வாசலில் நின்றுவிடுகிறது. நான் பழக்கத்தில், இல்லம்மா என்கிறேன்.

படத்திலும் ஏதோ சரியில்லை. ஜன்னலைப் பார்க்கும்படி வரைந்த கண், இப்போது என் அலமாரியைப் பார்க்கிறது. மூன்று முறை சுரண்டிப் பூசிவிட்டேன், திரும்பவும் அங்கேதான் போகிறது.

அவள் இன்னும் ஒரே ஒரு நாள் வந்து உட்கார்ந்தால் சரியாகிவிடும். விலாசம் உங்களிடம் இருக்குமே, கொடுங்கள். இரண்டு வரி எழுதிப் போடுகிறேன். பதில் போடாமல் இருக்கமாட்டாள். கடிதத்தின் அருமை தெரிந்தவள்.